ஏழரைக்கு மணி அடியுங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு சிலரும் படிக்கக்கூடும். வரும் ஜூலை 1 முதல் உங்கள் ஊர் ரோட்டரி சங்கத்துக்கு நீங்கள் தலைவர். பட்டியலில் 38 உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வருவது பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. பேச்சாளர்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் பின்வரிசையில் செல்போன்தான் ஓடுகிறது. நிதி திரட்டுவதென்றால் விழா மலர் அச்சிட்டு அதற்கு விளம்பரம் வாங்குவது, இல்லையென்றால் மெல்லிசைக் கச்சேரி. எதில் கை வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கூட்டத்தில் கை வையுங்கள். மற்ற இரண்டும் அதன் பின்னால் வரும். நான் எங்கள் சங்கத்தில் செயலாளர், பொருளாளர், தலைவர் எல்லாம் இருந்துவிட்டு, இப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து குறை சொல்லும் முன்னாள் தலைவர்களில் ஒருவன். நான் பார்த்தவரை, ஆட்கள் வராததற்கு முதல் காரணம் கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று யாருக்கும் தெரியாததுதான். கடையை விட்டுவிட்டு வருகிறவனுக்கு ஒரு மணி நேரம் பெரிதில்லை. அது மூன்று மணி நேரம் ஆகுமோ என்ற பயம்தான் பெரிது.

எங்கள் சங்கத்தில் நடந்த ஒரு கூட்டத்தை அப்படியே சொல்கிறேன். அழைப்பில் ஏழரை மணி. எட்டே கால் வரை தலைவர் வாசலில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு மணி அடித்தார். தமிழ்த்தாய் வாழ்த்து, நான்கு வழிச் சோதனை (ரோட்டரிக்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகள்). அப்புறம் மேடைக்கு அழைப்பு: ஒவ்வொருவருக்கும் பட்டம், இப்போதைய பதவி, முன்பு வகித்த பதவி. வரவேற்புரையில் அரங்கில் இருந்த பாதிப் பேரின் பெயர் வந்தது. விட்டுப்போன ஒருவருக்கு முகம் சுருங்கிப் போனது. பொன்னாடை ஆறு. பிறந்தநாள், மணநாள் வாழ்த்து. ஓர் அம்மாவுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். பதினெட்டுப் பேர் சுற்றி நின்று எடுத்த போட்டோவில் மெஷினும் தெரியவில்லை, அந்த அம்மாவும் தெரியவில்லை. அன்றைய பேச்சாளர் ஒரு விலங்கியல் பேராசிரியர். பாம்புக்கடி பற்றிப் பேச நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தவர். மைக் அவர் கைக்குப் போனபோது மணி ஒன்பது பத்து. பின்னாலிருந்து குருமா வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "எட்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்" என்றார். கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டக்கூடாது என்ற இடத்துக்கு அவர் வரவே இல்லை. வயலுக்குப் போகும் உறுப்பினர்கள் அன்று ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு தலைவரானவர் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் பார்த்துப் பழகியவர். அவர் வாயைத் திறந்து எந்தக் கொள்கையும் சொல்லவில்லை. முதல் கூட்டத்தில் ஏழரைக்கு மணி அடித்தார். எதிரே ஐந்து பேர். ஏழு நாற்பதுக்குள் அறிவிப்பு, வாழ்த்து எல்லாம் முடிந்தன. ஏழு நாற்பதிலிருந்து எட்டு மணி வரை பேச்சு, அதன்பின் இருபது நிமிடம் கேள்வி. எட்டரைக்கு முன்பே தேசிய கீதம். வழக்கம்போல் எட்டு மணிக்குப் போன நான், பேச்சாளர் உட்காருவதைத்தான் பார்த்தேன். இரண்டாவது கூட்டத்துக்கு ஒன்பது பேர். நவராத்திரி வருவதற்குள் இருபது தாண்டியது. பொன்னாடையையும் நிறுத்தினார். அதற்காக மூத்த உறுப்பினர்கள் இருவர் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். நீங்கள் நிறுத்துவதாக இருந்தால் ஜூலைக்கு முன்பே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வாரா வாரம் கூடியே ஆக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 2016-ல் ரோட்டரியின் விதிகளை வகுக்கும் மன்றம் கூடி அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டது. மாதம் இரண்டு கூட்டம் நடந்தால் போதும். எப்படிக் கூடுவது என்பதிலும் சங்கத்துக்கு நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். என் யோசனை: மாதத்தில் இரண்டு முறை பேச்சுக் கூட்டம், ஒரு முறை வேலை நடக்கும் இடத்திலேயே கூட்டம். கண் சிகிச்சை முகாமுக்கு நாற்காலி போட வருகிறவர், அரங்கக் கூட்டத்துக்கு வராதவராக இருப்பார். அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. கூட்டம் சோர்ந்து போவது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்து தொடங்கிய சங்கம் இது. நிலக்கரி வியாபாரி, சுரங்கப் பொறியாளர், தையல்காரர், அவ்வளவுதான் கூட்டம். ஒவ்வொருவர் அலுவலகத்தில் மாறி மாறிக் கூடியதால்தான் 'ரோட்டரி' என்ற பெயரே வந்தது. கொஞ்ச நாளிலேயே சந்திப்புகள் சுவாரசியம் குறைய, ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் எழுந்து எல்லாரையும் பாட வைத்தாராம். கூட்டத்தில் பாட்டுப் பாடும் பழக்கம் அப்படி வந்தது. உங்கள் சங்கத்தில் பாடத் தெரிந்தவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நேரத்துக்கு முடிப்பதே போதும்.

அந்த 38 பேர் விஷயம். எத்தனை பேர் நிஜமானவர்கள்? ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளில் பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கெல்லாம் சர்வதேசச் சந்தா பில் வந்துவிடும். இரண்டு ஆண்டாக முகமே காட்டாதவருக்கும் சேர்த்து உங்கள் சங்கம் டாலர் கணக்கில் கட்டிக்கொண்டிருக்கும். ஜூன் மாதத்திலேயே பத்து வீடு ஏறி, இருக்கிறீர்களா இல்லையா என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் மாவட்டத்தில் முணுமுணுப்பார்கள். (பல சங்கங்கள் சேர்ந்த ரோட்டரி மாவட்டம் வேறு, கலெக்டர் ஆளும் மாவட்டம் வேறு, புது உறுப்பினர்களுக்கு இதையே இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.) முணுமுணுக்கட்டும். அதோடு பெண்களைச் சேருங்கள். 1989-லேயே கதவு திறந்தாகிவிட்டது, இன்னும் பல ஊர்களில் மனைவிமார்களைக் குடும்ப விழாவுக்கு மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் சங்கத்தில் முதலில் சேர்ந்த பெண் ஒரு மருந்துக்கடைக்காரர். எந்தக் கூட்டத்திலும் அவருடைய முதல் கேள்வி, "இதற்கு எவ்வளவு ஆச்சு?"

இனி பேச்சாளர்கள். கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தேடுவது பெரிய பெயர்களை. பட்டிமன்றப் பேச்சாளரும் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் வருவார்கள். கார், தங்கும் அறை, கவர் எல்லாம் சேர்த்தால் ஒரு முகாமின் செலவு. ஆண்டுக்கு ஒருவர் போதும், அதுவும் பதவியேற்பு விழாவுக்கு. மற்றபடி உங்கள் ஊருக்குள்ளேயே பார்வையைத் திருப்புங்கள். வாய்க்காலில் தண்ணீர் திறந்து அடைக்கும் லஸ்கர், 108 ஆம்புலன்சில் போகும் உதவியாளர், துணைப் பதிவாளர், மின்வாரிய லைன்மேன், ஐம்பது வருடமாகப் பந்தல் போடுகிறவர். இவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை. ஒரு லஸ்கர் எங்கள் கூட்டத்தில், ஷட்டர் சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரியில் யார் வந்து திருட்டுத்தனமாகத் திறப்பார்கள் என்று சொன்னபோது, மிராசுதார் உறுப்பினர்கள் நெளிந்ததைப் பார்க்க வேண்டும்.

அழைக்கும் விதத்தில்தான் பாதி இருக்கிறது. "ஏதாவது பேசுங்கள் சார்" என்று கூப்பிடாதீர்கள். பேசிப் பழகாதவருக்கு அது தண்டனை. பழகியவருக்கு அது லைசென்ஸ். ஒரு கேள்வியைக் கையில் கொடுத்துக் கூப்பிடுங்கள். துணைப் பதிவாளரிடம் "பத்திரப் பதிவு பற்றி" என்று கேட்டால் சட்டம் முழுக்க வாசிப்பார். "வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தும் மக்கள் எப்படி ஏமாறுகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், இருபது நிமிடம் ஒருவரும் போனை எடுக்க மாட்டார்கள். அறிமுகம் ஒரு நிமிடம், தாள் பார்த்து வாசிக்காமல். அவரை வீட்டில் போய் அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் ஒருவரை முன்பே சொல்லிவையுங்கள். சாப்பிடாமல் அனுப்பிவிடாதீர்கள், எங்கள் சங்கத்தில் இது நடந்திருக்கிறது, நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு வகைப் பேச்சாளர்களிடம் ஜாக்கிரதை. "மூட்டுவலி விழிப்புணர்வு" என்று வந்து கடைசி ஐந்து நிமிடத்தில் பேக்கேஜ் விலை சொல்கிறவர். இன்னொருவர், "சேமிப்பின் அவசியம்" என்று தொடங்கி விண்ணப்பப் படிவம் விநியோகிக்கிறவர். தேர்தல் நெருங்கும்போது அரசியல் பிரமுகர்களையும் தள்ளிப்போடுங்கள்; அவர் வந்தால் அவர் ஆட்கள் நாற்பது பேர் வருவார்கள், சாப்பாடு உங்கள் கணக்கு.

பேச்சும் நிதியும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதற்கு ஒரே ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். அதில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியர் ஒருவரை அழைத்திருந்தோம். கேட்ட கேள்வி: "ஒரு நாளில் எத்தனை வீடு, அங்கே என்ன பார்க்கிறீர்கள்?" மைக்கை மறுத்துவிட்டு, தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தே பேசினார். "இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள், புண் வராது என்று சொல்லிவிட்டு வருவேன். அந்த வீட்டில் இருப்பது கூலி வேலைக்குப் போகிற மகள் ஒருத்தி. அவள் காலையில் ஏழு மணிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள். யார் புரட்டுவது? எனக்குத் தெரிந்துதான் சொல்லிவிட்டு வருகிறேன்." அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அரிசி மண்டி வைத்திருக்கும் எங்கள் உறுப்பினர், மூன்று ஆண்டாக எந்தத் திட்டத்துக்கும் வாய் திறக்காதவர், "அதுக்கு ஏதோ காத்துப் படுக்கை இருக்காமே, என்ன விலை?" என்றார். மோட்டாரோடு மூவாயிரத்துச் சொச்சம் என்றார் அந்தம்மா. சாப்பாட்டு மேஜைக்குப் போவதற்குள் எட்டுப் படுக்கைக்குப் பெயர் எழுதியாகிவிட்டது.

மலர் விளம்பரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளி மேஜையில் ஆடி மாதம் வந்தால் கோயில் திருவிழா நோட்டு, பள்ளி ஆண்டு மலர், இன்னும் நாலு சங்கத்து மலர் எல்லாம் கிடக்கும். உங்களுக்குக் கொடுப்பதும் அதே வரிசையில்தான். எதற்குக் கொடுத்தோம் என்று அவருக்கு நினைவிருக்காது. மெல்லிசைக் கச்சேரி அதைவிட மோசம். நான் பொருளாளராக இருந்த ஆண்டு ஒன்று நடத்தினோம். டிக்கெட்டும் விளம்பரமும் சேர்த்து வசூல் ரூ.4,12,000. மண்டபம், பாடகர்கள், ஒலி ஒளி, ஜெனரேட்டர், தங்கும் அறை, பேனர் எல்லாம் போக மிச்சம் ரூ.25,000. மூன்று மாதம் இருபது பேர் அலைந்ததற்கு அது. ஆளுக்கு ரூ.1,250 கையிலிருந்து போட்டிருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம். கச்சேரி நடத்தாதீர்கள் என்று சொல்லவில்லை. ஊரே கூடியது, நல்ல ராத்திரி. ஆனால் அது கொண்டாட்டம்; நிதி திரட்டல் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள்.

இன்னொன்று, யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள்: "நூறு ரூபாய்க்குச் சீட்டு அடிச்சு, குலுக்கல்ல ஸ்கூட்டர் கொடுக்கலாம்." தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு குலுக்குவது எந்தப் பெயரில் நடந்தாலும் வம்பு தேடி வரும். ஒரு வக்கீல் உறுப்பினரைக் கேட்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கேட்கும்போது ஒரு பொருள், ஒரு விலை என்று கேளுங்கள். "சமுதாயப் பணிக்கு உங்களால் இயன்றது" என்றால் ஐந்நூறு வரும். "ஒரு படுக்கை" என்றால் ஒரு படுக்கை வரும். ரோட்டரியின் மிகப் பெரிய வசூலே இப்படித்தான் நடந்தது. 1985-ல் போலியோவுக்காக 12 கோடி டாலர் இலக்கு வைத்தார்கள். 1988-ல் எண்ணிப் பார்த்தால் 24 கோடியே 70 லட்சம். உலக ஆரோக்கியம் என்று பொதுவாகக் கேட்டிருந்தால் வந்திருக்காது. ஒரு நோய், குழந்தை வாயில் இரண்டு சொட்டு. கொடுக்கிறவன் கண்ணுக்குத் தெரிந்தது. நம் நாட்டில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை.

வாங்கிய பிறகுதான் நிஜமான வேலை. எங்கள் படுக்கைகளுக்கு ஒரு குறிப்பேடு போட்டோம்: எண், எந்தத் தெருவுக்குப் போனது, எப்போது திரும்பியது, மோட்டார் நிலை. நோயாளியின் பெயரைக் கொடையாளிக்குச் சொல்வதில்லை. "உங்கள் படுக்கை இப்போது மூன்றாவது வீட்டில் இருக்கிறது" என்று ஒரு வரி செய்தி மட்டும் போகும். அந்த ஒரு வரிக்காகவே அடுத்த ஆண்டு கேட்காமல் கொடுத்தவர்கள் உண்டு. திரும்பி வந்த படுக்கையோடு சில வீடுகளிலிருந்து ஐந்நூறு, ஆயிரம் கவரில் வந்தது. எல்லாமே நன்றாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு படுக்கை திரும்பவே இல்லை. எலி கடித்தது ஒன்று. கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும் என்பதை முதல் கோடையில்தான் தெரிந்துகொண்டோம்.

கணக்கு விஷயத்தில் அரிமா (லயன்ஸ்) சங்கத்தாரிடம் ஒரு நல்ல விதி இருக்கிறது, நாமும் எடுத்துக்கொள்ளலாம். நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. பொதுமக்களிடம் வாங்கிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும். சாப்பாடு, பேனர், மாவட்ட மாநாட்டுப் பயணம் எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. இரண்டு வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். நான்கு வழிச் சோதனையை ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கிறோம் இல்லையா? திவாலாக இருந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்த வந்த ஹெர்பர்ட் டெய்லர் 1932-ல் எழுதிக்கொண்டது அது. முதல் கேள்வியே "இது உண்மையா?" என்பதுதான். பொருளாளர் மாதக் கணக்கை வாசித்து முடித்ததும் அதை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி ரசீது தருவதாக இருந்தால் சங்கத்தின் அறக்கட்டளைப் பதிவெல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கோ அந்தச் சலுகையே இல்லை. ஆகவே வரி மிச்சமாகும் என்று சொல்லிப் பணம் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டிய சிஎஸ்ஆர் பணம் பற்றி உங்கள் மாவட்டத்தில் எல்லாரும் பேசுவார்கள். நிகர லாபம் ஐந்து கோடி, அல்லது விற்றுமுதல் ஆயிரம் கோடி, அல்லது நிகர மதிப்பு ஐந்நூறு கோடி உள்ள நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். அதைப் பெற அறக்கட்டளைக்கு மூன்று ஆண்டு வேலை செய்த பின்னணியும் பதிவும் வேண்டும். முதல் ஆண்டுத் தலைவர் இதைத் துரத்திப் போய் ஆண்டை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டரியின் அறக்கட்டளையான ரோட்டரி பவுண்டேஷன் தரும் குளோபல் கிராண்ட் என்ற நிதியுதவியும் அப்படித்தான்: குறைந்தது 30,000 டாலர் திட்டம், வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டு. நிர்வாகம் நன்றாக நடக்கும் சங்கத்துக்கு அது வரம். மாதக் கணக்கு வாசிக்காத சங்கத்துக்குத் தலைவலி.

பவுண்டேஷனுக்கு 1,000 டாலர் கொடுத்து பால் ஹாரிஸ் ஃபெல்லோ என்ற கௌரவம் பெறுவது பற்றி உறுப்பினர்கள், "அமெரிக்காவுக்குப் போகிற பணம்தானே" என்பார்கள். பவுண்டேஷனின் ஆண்டு நிதிக்குக் கொடுப்பதில் கிட்டத்தட்ட பாதி, மூன்று ஆண்டு கழித்து மாவட்டத்தின் கைக்கே திட்டங்களுக்காகத் திரும்பி வருகிறது. இதைச் சட்டையில் குத்தும் ஃபெல்லோ பின்னைக் காட்டிச் சொல்லாமல் கணக்குப் போட்டுச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அதிகச் செலவில்லாமல் தொடங்க ஒன்று வேண்டும் என்றால், கண் சிகிச்சை முகாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை ஊர் சங்கங்களோடு சேர்ந்து நடத்திப் பழகியவை. இடம், தண்டோரா, நோட்டீஸ், காலை டிபன் நம்முடையது. பரிசோதனை, அறுவை சிகிச்சைக்கு அழைத்துப் போவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது அவர்களுடையது. இதில் தலைவர் செய்ய வேண்டியது, காலை எட்டு மணிக்கு வந்த பாட்டிகளைப் பத்து மணிக்கு வரும் சிறப்பு விருந்தினருக்காகக் காக்க வைக்காமல் இருப்பது.

கடைசியாக, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். யார் பேசினார், என்ன கேட்டோம், என்ன சொன்னார், அதன்பின் சங்கம் என்ன செய்தது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரைப் பக்கம். அடுத்து வரப்போகிற தலைவரிடம் மே மாதமே கொடுத்துவிடுங்கள், ஜூலை, ஆகஸ்ட் பேச்சாளர்களை அவரே முடிவு செய்துகொள்ள இடம் விட்டு. எங்கள் நோட்டில் அந்தச் செவிலியர் பெயருக்கு எதிரே யாரோ பென்சிலில் எழுதியிருக்கிறார்கள்: "ஜனவரியில் மறுபடி கூப்பிட வேண்டும். மோட்டாருக்கு பேட்டரி வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். சாப்பிட வைத்து அனுப்ப வேண்டும்."